நடை பழகும் குழந்தைக்குப் படப்புத்தகம்: வீட்டில் தொடங்குவது எப்படி

ஒரு வயதைத் தொட்ட குழந்தையின் கையில் புத்தகத்தைக் கொடுத்தால், பெரும்பாலும் அது வாய்க்குத்தான் போகும். சில மாதங்கள் கழித்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கும், நான்கு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டும், பாதியில் தரையில் போட்டுவிட்டு வேறு பக்கம் நடந்துபோகும். "இன்னும் வயசு வரல, அப்புறம் பாத்துக்கலாம்" என்று புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. அந்த "அப்புறம்" பாலர் பள்ளி தொடங்கும் மூன்று வயதில்தான் வருகிறது. அதற்குள் படம் பார்த்துப் பேசிப் பழகுவதற்கு மிகவும் ஏற்ற இரண்டு ஆண்டுகள் கைநழுவிப் போய்விடுகின்றன. முதல் குழந்தையை வளர்க்கும், சிறு குழந்தையுடன் புத்தகம் பார்த்துப் பழக்கமில்லாத பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஒரு வயது முதல் மூன்று வயது வரையிலான காலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதாகும். இந்த வயதில் ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குழந்தையும் பெரியவரும் ஒரே படத்தைச் சேர்ந்து பார்ப்பதும், பார்த்ததைப் பற்றிப் பேசிக்கொள்வதுமே வேலை. எழுத்து, எண், பள்ளிக்குத் தயார்படுத்துதல் ஆகிய கவலைகளை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிடலாம்.

சிங்கப்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு காரணமும் சேர்கிறது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் குழந்தை ஒன்றரை வயதிலோ அதற்கு முன்போ பராமரிப்பு நிலையத்துக்குப் போகத் தொடங்கிவிடுகிறது. அங்கே பகல் முழுவதும் அதன் காதில் விழுவது பெரும்பாலும் ஆங்கிலம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. மின்தூக்கியிலும் விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் தமிழ் தானாக வந்து சேரும் என்று நம்பி இருக்க முடியாது. இரவு உணவுக்கும் தூக்கத்துக்கும் இடையில் படப்புத்தகத்தோடு கழியும் பத்து நிமிடங்கள், பல வீடுகளில் குழந்தை தமிழை நேருக்கு நேர், அவசரமில்லாமல் கேட்கும் நேரமாக அமைகின்றன.

எந்த மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம்

குழந்தை படத்தைப் படமாகப் புரிந்துகொள்வதற்கே காலம் பிடிக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச்சும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒன்பது மாதக் குழந்தைகள் புத்தகத்தில் அச்சிட்டிருந்த பொருள்களைக் கையால் பிடித்து எடுக்கப் பார்த்தார்கள். பத்தொன்பது மாதக் குழந்தைகளோ பெரும்பாலும் விரலால் சுட்டிக் காட்டினார்கள். ஆகவே உங்கள் குழந்தை பக்கத்தைப் பிறாண்டினாலும், தட்டினாலும், வாழைப்பழத்தின் படத்தைக் கிள்ளி எடுக்க முயன்றாலும், அது விளையாட்டுத்தனம் என்று எண்ண வேண்டாம். "இது எப்படி இங்கே இருக்கிறது?" என்று அது தன் வழியில் ஆராய்கிறது.

ஏறத்தாழ ஒரு வயதில் கெட்டி அட்டைப் பக்கங்களைத் தள்ளிப் புரட்ட வரும். ஒன்றரை வயதை ஒட்டி, "பந்து எங்க?" என்று கேட்டால் பந்தின் மேல் விரலை வைக்கும். இரண்டு வயதில் தெரிந்த படங்களுக்குப் பெயர் சொல்லும், தனக்குப் பிடித்த புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டு வரும். இரண்டரைக்குப் பிறகு "அப்புறம்?" என்று கேட்கத் தொடங்கும், சிறுகதையைத் தாங்கும் பொறுமை அப்போதுதான் வருகிறது. ஒவ்வொரு குழந்தையும் இதில் முன்பின்னாக இருக்கும். ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்கும் நேரம் தொடக்கத்தில் இரண்டு மூன்று நிமிடங்களைத் தாண்டாது என்பதையும், அதுவே போதும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருந்தால் பெற்றோருக்கு ஏமாற்றம் இராது.

முதல் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தல்

முதல் புத்தகம் கெட்டி அட்டையில், மழுங்கிய மூலைகளுடன், குழந்தை இரு கைகளாலும் தூக்கக்கூடிய அளவில் இருக்கட்டும். ஒரு பக்கத்தில் ஒன்றோ இரண்டோ படங்கள், பின்னணியில் நெரிசல் இல்லாமல், தெளிவாக இருப்பது நல்லது. பூனை பூனையாகவே தெரிய வேண்டும். ஊதா நிறத்தில் தொப்பியும் கண்ணாடியும் போட்ட பூனை பெரியவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். பூனை என்ற சொல்லை இப்போதுதான் பிடித்துவைத்துக்கொள்ளும் குழந்தைக்கு அது குழப்பம்.

கடைகளில் கண்ணைப் பறிக்கும் வகை ஒன்று உண்டு: திறந்தால் படம் எழுந்து நிற்கும், இழுத்தால் வால் ஆடும், அழுத்தினால் ஒலி வரும். குழந்தைகளுக்கு இவை பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்று, இப்படி எழுந்து நிற்கும் படங்களைவிடச் சாதாரணப் புகைப்படங்கள் கொண்ட புத்தகத்திலிருந்தே குழந்தைகள் புதிய பெயர்களை நன்றாகக் கற்றார்கள் என்று காட்டியது. இழுப்பதிலும் அழுத்துவதிலும் கவனம் போய்விடுவதால் சொல் காதில் தங்குவதில்லை. ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம், வீட்டுப் புத்தகங்கள் எல்லாம் அப்படியே இருக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

படத்தில் உள்ளவை குழந்தை அன்றாடம் பார்ப்பவையாக இருந்தால் பேச்சு தானாக வரும். குடை, செருப்பு, பால் குவளை, பேருந்து, மைனா, மழை, வாளி ஆகியவை போதும். தமிழ்நாட்டிலிருந்து வரும் புத்தகங்களில் கிணறும் ஏரும் மாட்டுவண்டியும் அடிக்கடி வரும். அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் முதல் புத்தகமாக்க வேண்டாம். சற்று வளர்ந்த பிறகு அவற்றுக்கும் இங்கே நேரடி அனுபவம் தேடித் தரலாம்: பொங்கல் காலத்தில் லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, புத்தகத்தில் பார்த்த மாட்டைக் குழந்தை எதிரிலேயே பார்க்கலாம். நீர்நாய் படம் இருந்தால் பீஷான் அங் மோ கியோ பூங்காவின் ஆற்றோரம் ஒரு காலை நடந்துவிட்டு வரலாம்.

பலர் தயங்கும் இடம் ஒன்று இருக்கிறது. தமிழில் கெட்டி அட்டைப் புத்தகங்கள் ஆங்கிலத்தைப் போல் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் தமிழ்ப் புத்தகம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எழுத்து எந்த மொழி என்பது தெரியாது. ஆங்கிலப் புத்தகத்தையோ, சொற்களே இல்லாத புத்தகத்தையோ விரித்து வைத்துக்கொண்டு தாராளமாகத் தமிழில் பேசலாம். அச்சிட்ட வரியை வாசித்தே தீர வேண்டும் என்ற தயக்கத்தை விட்டுவிட்டால் வீட்டில் உள்ள எல்லாப் படப்புத்தகமும் தமிழ்ப் புத்தகமாகிவிடும்.

வீட்டிலேயே ஒரு புத்தகம் செய்யுங்கள்

கடையில் வாங்கும் எதையும்விடக் குழந்தை அதிகம் விரும்பக்கூடிய புத்தகத்தை ஒரு மாலையில் வீட்டிலேயே செய்துவிடலாம். முதலில் கைப்பேசியில் பத்துப் பன்னிரண்டு புகைப்படங்கள் எடுங்கள். நம் வீட்டுக் கதவு, மின்தூக்கியின் பொத்தான், தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, குழந்தையின் காலணி, சோறு ஊட்டும் கிண்ணம், புளோக்கின் கீழே வழக்கமாகப் படுத்திருக்கும் பூனை, அப்பா வேலையிலிருந்து வந்து கதவைத் திறக்கும் காட்சி என்று எடுக்கலாம். ஒரு படத்தில் ஒரு பொருள் மட்டும், கிட்டத்தில், நல்ல வெளிச்சத்தில் இருக்கட்டும். பிறகு நான்குக்கு ஆறு அங்குல அளவில் அச்சிட்டு, கெட்டி அட்டைகளின் இரு புறமும் ஒட்டி, மேலே ஒளிபுகும் உறையிட்டு, இடது ஓரத்தில் துளை போட்டு நாடாவால் கட்டிவிடுங்கள். இவ்வளவு செய்ய நேரமில்லையென்றால் சிறிய புகைப்பட ஆல்பமே போதும். அதன் ஒளிபுகும் தாள் உறைகளைக் குழந்தை பிய்த்து வாயில் போடாதபடி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதலாம். குழந்தை வாசிக்கப்போவதில்லை, தாத்தா பாட்டியும் விருந்தினரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பேச அது உதவும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதுப் படங்கள் சேர்த்தால், குழந்தை வளர வளரப் புத்தகமும் கூட வரும்.

எங்கே கிடைக்கும்

தேசிய நூலக வாரியத்தின் பொது நூலகங்களே முதல் இடம். சிங்கப்பூர்க் குடிமக்கள் இலவசமாக உறுப்பினராகலாம், குழந்தையின் பெயரிலும் உறுப்பியம் பெறலாம். புத்தகத்தை 21 நாள் வைத்துக்கொள்ளலாம். எந்தப் பொது நூலகத்தில் எடுத்தாலும் வேறு எந்தப் பொது நூலகத்திலும் திருப்பித் தரலாம் என்பதால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. பல நூலகங்கள் கடைத்தொகுதிகளுக்கு உள்ளேயே இருக்கின்றன. தமிழ் நூல்கள் குழந்தைகள் பகுதியில் தனி அடுக்கில் இருக்கும். எல்லாக் கிளைகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங், 2023இல் திறந்த பொங்கோல் ஆகிய வட்டார நூலகங்களிலும், விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள மத்திய பொது நூலகத்திலும் தேடிப் பாருங்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவது வேறொரு வகையில் பயன் தரும்: மற்றக் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து புத்தகம் பார்ப்பதைக் கண்டால் நம் குழந்தையும் உட்காரும். பலர் வாயிலும் கையிலும் பட்ட அட்டைப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டுத் தருவது நல்லது.

இணையத்தில் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் பதிவிறக்கலாம். முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்கு ஓரிரு வரிகளே இருக்கும், அச்சிட்டுத் தைத்துக்கொள்ளலாம். சென்னையிலுள்ள துளிகா பதிப்பகம், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படப்புத்தகங்களைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. ஊருக்குப் போய்வரும் உறவினரிடம் இனிப்புக்குப் பதிலாக இரண்டு படப்புத்தகங்கள் வாங்கிவரச் சொன்னால் பெட்டியில் இடம் அதிகம் பிடிக்காது.

இடமும் நேரமும்

புத்தகங்கள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், அட்டை முகப்பு தெரியும்படி இருக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் ஒரு மூலையும் ஒரு பிரம்புக் கூடையும் போதும். ஒரே நேரத்தில் நான்கைந்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். மீதியை உள்ளே வைத்து வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் பழைய புத்தகமும் புதிதாகத் தோன்றும்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் வேறொரு வழக்கத்தோடு கட்டுங்கள். குளித்து உடை மாற்றிய பிறகு, இரவுப் பாலுக்கு முன்பு, பெருவிரைவு ரயிலில் பாட்டி வீட்டுக்குப் போகும்போது என்று ஏதாவது ஒன்று நிலையாக இருந்தால், குழந்தையே புத்தகத்தைக் கேட்கத் தொடங்கும். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் இருக்கும்போது தொடங்கினால் அழுகையில்தான் முடியும்.

அந்த நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். யாரும் பார்க்காமல் பின்னணியில் ஓடினாலும் அது பேச்சைக் குலைக்கும். சுகாதார அமைச்சின் பரிந்துரைப்படி ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை நேரமே கூடாது. அதற்கு மேல் ஆறு வயது வரை, பள்ளி நேரம் தவிர, நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருக்க வேண்டும். கைப்பேசியில் படம் காட்டினால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. திரையில் விரல் பட்டால் படம் நகர்ந்துவிடுகிறது, நாம் பேச நினைக்கும் முன்பே அடுத்தது வந்துவிடுகிறது. அட்டைப் புத்தகத்தின் பக்கம் குழந்தை புரட்டும்வரை அங்கேயே நிற்கும். பேசுவதற்கு அந்த நிற்றல் தேவை.

மடியில் உட்காரவைத்துப் பார்ப்பது இருவருக்கும் இதமானது. ஆனால் மடியில் இருக்கும் குழந்தைக்கு நம் முகம் தெரியாது. சில நாள் எதிரில் உட்காரவைத்து, புத்தகத்தை நம் மார்போடு சாய்த்துப் பிடித்துப் பேசினால், உதட்டையும் கண்ணையும் பார்த்துக்கொண்டே சொல்லைக் கேட்கும்.

படத்தைப் பேசுவது

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி இதுதான். மற்ற எதை விட்டாலும் இதை விட வேண்டாம்.

தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பெற்றோர் பலருக்கு ஒரு விறைப்பு வந்துவிடுகிறது. பக்கத்தில் "மாடு புல் மேய்கிறது" என்று இருக்கும். அதை மேடையில் வாசிப்பதுபோல் வாசிப்பார்கள். குழந்தை இதுவரை வீட்டில் கேட்ட தமிழோ வேறு. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம் ஒரு வயதுக் குழந்தைக்கு மிகப் பெரியது. ஆகவே முதலில் வீட்டுத் தமிழில் சொல்லுங்கள்: "இங்க பாரு கண்ணு, மாடு! மாடு புல்லு திங்குது." சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005இலேயே பள்ளிகளில் பேச்சுத்தமிழுக்கு இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பள்ளிக்கே அது பொருந்தும் என்றால் மடியில் இருக்கும் குழந்தைக்கு அது எவ்வளவு பொருந்தும்! இரண்டரை வயதுக்குப் பிறகு, நன்கு பழகிய புத்தகத்தில், அச்சிட்ட வரியையும் கூடவே வாசிக்கத் தொடங்கலாம். படம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் புதிய வடிவம் அதை மிரட்டாது. எழுத்துத் தமிழின் ஓசையும் மெல்லக் காதில் பழகும்.

அடுத்ததாக, குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். நீங்கள் யானையைக் காட்ட, அது மூலையில் இருக்கும் எறும்பைத் தொட்டால், எறும்புக்குப் போய்விடுங்கள். கண்ணும் விரலும் போகும் இடத்தில் விழும் சொல்தான் தங்கும்.

மூன்றாவதாக, சொன்ன பிறகு காத்திருங்கள். இது கேட்க எளிது, செய்யக் கடினம். மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை வாய் திறக்காமல் இருந்தால், குழந்தை ஓர் ஒலி எழுப்பும், அல்லது விரலால் தொடும், அல்லது நம் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அதுவே அதன் பதில். அந்தப் பதிலை எடுத்து, சரியாகச் சொல்லி, ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒன்றரை வயதுக் குழந்தையும் அதன் அம்மாவும் ஒரே பக்கத்தில் இருக்கும் நேரத்தை அருகிலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும். குழந்தை நாயின் மேல் கையை வைத்து "வவ்வ" என்கிறது. "ஆமா, வவ் வவ்! நாய்." அம்மா நிறுத்துகிறார். குழந்தை மறுபடியும் தட்டுகிறது. "நாய் மழையில நிக்குது. ஐயோ, நனைஞ்சு போச்சே!" மீண்டும் நிறுத்தம். குழந்தை மழைக் கோடுகளைத் தொட்டு அம்மாவைப் பார்க்கிறது. "மழை. சடசடன்னு மழை. நேத்து நம்மளும் நனைஞ்சோமே, பஸ் ஸ்டாப்ல?" குழந்தை தன் தலையைத் தொட்டுக்கொள்கிறது. ஒரு பக்கம், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நாய், மழை, நனைதல், நேற்று நடந்தது என்று நான்கு செய்திகள் போய்ச் சேர்ந்துவிட்டன. குழந்தை உண்மையில் சொன்னது ஒரே ஒலிதான்.

இப்படிக் குழந்தையைப் பேசவிட்டு, அது சொன்னதை விரித்துச் சொல்லும் முறையை அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார்கள். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோர் வீட்டில் ஒரு மாதம் இம்முறையைப் பின்பற்றியபோது, வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிட இவர்கள் பேச்சில் முன்னேறியிருந்தார்கள். அதற்குச் சிறப்புப் புத்தகமோ கருவியோ தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை: "இது என்ன? அது என்ன? இது என்ன கலர்?" என்று அடுக்கிக்கொண்டே போனால் அது தேர்வாகிவிடும். விடை தெரியாத குழந்தை எழுந்து போய்விடும், தெரிந்த குழந்தையும் சலித்துப்போகும். மூன்று முறை சொல்லிக் காட்டினால் ஒரு முறை கேட்கலாம். கேட்டும் பதில் வரவில்லையென்றால் நாமே மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டு நகர வேண்டும். பொருளின் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடாமல் செயலையும் சொல்லுங்கள்: குதிக்குது, ஒளியுது, கொட்டுது, தூங்குது, கோவமா இருக்கு.

ஒலிகளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை, அதை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். தண்ணீர் சலசலவென்று ஓடும், இலை படபடவென்று ஆடும், எலி குடுகுடுவென்று ஓடும், இடி மடமடவென்று இடிக்கும், பாப்பா கலகலவென்று சிரிக்கும். இன்னும் சொல் வராத குழந்தைகூட இவற்றில் பாதியையாவது திருப்பிச் சொல்ல முயலும். இரட்டித்து வரும் ஒலி அதன் நாவுக்கு எளிது. பக்கம் புரட்டும் முன் "குடு..." என்று சொல்லி நிறுத்துங்கள். மிச்சத்தை அது முடிக்கும் நாள் விரைவில் வரும்.

அதே புத்தகம், மறுபடியும்

சில வாரங்களில் குழந்தை ஒரே புத்தகத்தைத் தினமும், சில நேரம் அடுத்தடுத்துக் கேட்கத் தொடங்கும். பெரியவருக்கு அலுக்கும்; ஆனாலும் மறுக்க வேண்டாம். பிரிட்டனில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், ஒரு வாரத்தில் ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், வெவ்வேறு கதைகளில் அதே புதுச் சொற்களை அதே எண்ணிக்கையில் கேட்ட குழந்தைகளைவிட அச்சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். முதல் முறை கதை, இரண்டாம் முறை படங்களின் நுணுக்கம், அதன் பிறகு சொற்கள் என்று கவனம் இறங்கிக்கொண்டே போகிறது என நினைக்கிறேன். நமக்கு அலுப்புத் தட்டினால் வேறொரு பாத்திரத்தின் குரலில் சொல்லலாம், இதுவரை பார்க்காத மூலையில் இருக்கும் பறவையைப் பற்றிப் பேசலாம்.

வீட்டில் உள்ள மற்றவர்கள்

புத்தகம் அம்மாவின் பொறுப்பாக மட்டும் போய்விடக்கூடாது. அப்பாவின் குரலில் அதே பக்கம் வேறு கதையாகிறது, அப்பா வேறு சொற்களைப் பயன்படுத்துகிறார், வேறு இடத்தில் சிரிக்கிறார். குழந்தைக்கு அது இரட்டை வருவாய். ஐந்தாறு வயது அக்காவோ அண்ணனோ இருந்தால் அவர்களிடமும் ஒரு புத்தகத்தை ஒப்படையுங்கள்.

தாத்தா பாட்டியை இதில் சேர்ப்பதைப் பெரிதும் வலியுறுத்துவேன். நான் பார்த்த வீடொன்றில் பாட்டி தேக்கா சந்தையிலிருந்து வந்து பையைத் தரையில் இறக்கியதும், பேத்தி காய்கறிப் படப்புத்தகத்தை இழுத்துக்கொண்டு வந்தாள். பாட்டி ஒரு கத்தரிக்காயை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். "ஆத்தா, இங்க ஒரு கத்திரிக்கா, அங்க ஒரு கத்திரிக்கா!" குழந்தை காயை எடுத்து மோந்து பார்த்தாள், பிறகு குனிந்து படத்தையும் மோந்து பார்த்தாள். அடுத்துப் பையிலிருந்து தானாகவே ஒரு வெண்டைக்காயை எடுத்துப் பக்கங்களைப் புரட்டித் தேடத் தொடங்கினாள். பாட்டிக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அங்கே அதற்குத் தேவையே ஏற்படவில்லை.

தாத்தா பாட்டி தமிழ்நாட்டில் இருந்தால், ஒரே புத்தகத்தில் இரண்டு படிகள் வாங்கி ஒன்றை அங்கே அனுப்பிவிடுங்கள். வீடியோ அழைப்பில் அவர்கள் தங்கள் படியைக் காட்டிப் பேச, குழந்தை தன் கையில் உள்ளதைப் புரட்டும். "சாப்டியா கண்ணு?" என்பதற்கு மேல் நகராத உரையாடலுக்குப் பற்றிக்கொள்ள ஒரு பொருள் கிடைத்துவிடும்.

வீட்டில் தமிழ் தெரியாத பணிப்பெண் இருந்தால், அவர் தமக்கு நன்கு வரும் மொழியில் படம் காட்டிப் பேசட்டும். தமிழ் பேசுபவர்கள் தமிழில் பேசினால் போதும். இரண்டு மூன்று மொழிகளைக் கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் வருவதில்லை. பராமரிப்பு நிலையத்தில் பழகிய ஆங்கிலச் சொல்லைக் குழந்தை சொன்னால் திருத்த வேண்டாம், அது "டக்" என்றால் "ஆமா, வாத்து! வாத்து நீந்துது" என்று தொடர்ந்தால் இரண்டும் அதற்குச் சொந்தமாகும்.

வழக்கமாக வரும் சிக்கல்கள்

கிழிப்பதும் கடிப்பதும் இந்த வயதுக்கு இயல்பு. அதட்டினால் புத்தகம் அதட்டலை நினைவூட்டும் பொருளாகிவிடும். கடிக்கும் கட்டத்தில் துணிப் புத்தகமும் அட்டைப் புத்தகமும் மட்டும் கையில் கொடுத்து, தாள் புத்தகங்களை நாம் பிடித்துக்கொண்டு காட்டலாம். கிழிந்ததைக் குழந்தையின் எதிரிலேயே ஒட்டுங்கள். ஒட்டுநாடாவை அழுத்தித் தேய்க்கும் வேலையை அதற்குக் கொடுத்தால் அடுத்த முறை கை சற்று மெதுவாகப் புரட்டும்.

நடுவில் எழுந்து போனால் இழுத்து உட்காரவைக்க வேண்டாம். புத்தகத்தைத் திறந்தபடி வைத்து, இன்னும் ஒரு வரி நமக்கு நாமே சொல்லிப் பார்க்கலாம். சில நேரம் திரும்பி வரும். வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஓரிடத்தில் நில்லாத குழந்தைக்கு நின்றுகொண்டே புத்தகம் காட்டலாம், படத்தில் இருக்கும் தவளையைப்போல் குதித்துவிட்டு வந்து அடுத்த பக்கம் பார்க்கலாம்.

நம் ஊரின் ஈரப்பதம் புத்தகத்துக்கு ஆகாது. மூடிய அலமாரியில் நாள் கணக்கில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றாடும் திறந்த கூடையே நல்லது. ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைக் குழந்தையின் கூடைக்குள் போட வேண்டாம், அவை வாய்க்குப் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒன்றரை வயதாகியும் குழந்தை எதையும் சுட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, ஒலிக்கு அசைவில்லை என்றால் "பையன் லேட்டாத்தான் பேசுவான்" என்று விட்டுவிடாதீர்கள். குழந்தையின் சுகாதாரக் கையேட்டில் 15 முதல் 22 மாதங்களுக்குள் செய்ய வேண்டிய வளர்ச்சிப் பரிசோதனை குறிக்கப்பட்டிருக்கிறது. பலதுறை மருந்தகத்திலோ குழந்தை மருத்துவரிடமோ அதற்குப் போகும்போது, புத்தகம் பார்க்கும் நேரத்தில் நீங்கள் கவனித்ததை அப்படியே சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம் அருகில் இருந்து பார்த்தவர் சொல்வது மருத்துவருக்குப் பெரிதும் பயன்படும்.

மூன்று வயதை நெருங்கும்போது

இரண்டரை வயதுக்குப் பிறகு தாள் புத்தகங்களை மெல்ல அறிமுகப்படுத்தலாம். ஒரு சிறு நிகழ்ச்சி, ஒரு தொலைந்த பொருள், ஒரு தேடல் என்று எளிய கதைகள் இப்போது பிடிக்கும். பக்கம் புரட்டும் முன் "இப்ப என்ன ஆகும்?" என்று கேட்கலாம், குழந்தை சொல்லும் விடை புத்தகத்தில் இல்லாததாக இருந்தாலும் அதையும் ஒரு கதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் மாதம் முழுவதும் நடைபெறும் தமிழ்மொழி விழாவின் நிகழ்ச்சிப் பட்டியலில் சிறு குழந்தைகளுக்கான கதைசொல்லும் அங்கம் இருந்தால் ஒருமுறை கூட்டிச் செல்லலாம். வீட்டுக்கு வெளியே, தெரியாத ஒருவர் வாயிலிருந்து தமிழ்க் கதை வருவதைக் கேட்பது குழந்தைக்குப் புது அனுபவம்.

பாலர் பள்ளியில் சேர்க்கும்போது, தமிழாசிரியரிடம் குழந்தைக்குப் பிடித்த இரண்டு மூன்று புத்தகங்களைச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் வீட்டில் செய்த புகைப்படப் புத்தகத்தை முதல் வாரத்தில் பையில் வைத்து அனுப்புங்கள். புது இடத்தில் வாய் திறக்கத் தயங்கும் குழந்தையிடம் "இது யாரு, உங்க தாத்தாவா?" என்று பேச்சைத் தொடங்க ஆசிரியருக்கு அது போதும்.